குவாரியில் இரண்டு விரல் போனது: ஆஸ்பத்திரிச் செலவோடு கணக்கு முடிந்ததா?

மத்தூரான் கேட்டது:

தங்கச்சி வீட்டுக்காரர் விஷயமாகக் கேட்கிறேன். வயது 34. வேப்பனஹள்ளிப் பக்கம் ஒரு கிரானைட் குவாரியில் வேலை. 2025 ஜூன் மாதம் பிளாக்கை ஜாக்கி போட்டுப் புரட்டும்போது கல் நழுவி வலது கை ஆள்காட்டி விரலும் நடுவிரலும் அடியோடு போய்விட்டன. வேலைக்கு வைத்தவர் ஒரு மேஸ்திரி, குவாரி குத்தகை வேறொருவர் பேரில் இருக்கிறது. நாள் கூலி 700 ரூபாய், வாரத்துக்கு ஒருமுறை ரொக்கமாகத் தருவார்கள். இஎஸ்ஐ, பிஎஃப் எதுவும் கிடையாது.

ஆஸ்பத்திரிக்கு 62,000 ரூபாய் குவாரிக்காரர் கட்டினார். பிறகு கையில் 25,000 கொடுத்து, 20 ரூபாய் பத்திரத்தில் "இனி எனக்கு எந்தப் பாக்கியும் இல்லை" என்று கையெழுத்து வாங்கிக்கொண்டார். இப்போது போய்க் கேட்டால், "இஎஸ்ஐ இல்லாத ஆளுக்கு என்ன இழப்பீடு? கையுறை போடாதது அவன் தப்பு. இன்னும் 40,000 அட்வான்ஸ் பாக்கி இருக்கு, அதை நான் கேட்கலையே, அதுவே பெரிசு" என்கிறார்.

சட்டப்படி ஏதாவது கிடைக்குமா? கிடைத்தால் எவ்வளவு, யாரிடம் போகணும்?

குவாரி கணக்கு எழுதியது:

கிடைக்கும். முதலாளி சொன்ன நாலு காரணமும் நிற்காது.

இஎஸ்ஐ இல்லை என்பதால்தான் 1923-ஆம் வருஷத்துப் பணியாளர் இழப்பீட்டுச் சட்டம் உங்களுக்குப் பொருந்துகிறது. இஎஸ்ஐ இருந்தால் அந்த வழி அடைபட்டுப் போகும். பலரும் இதைத் தலைகீழாகப் புரிந்துவைத்திருக்கிறார்கள். இன்னொன்று, பழைய இஎஸ்ஐ சட்டத்தில் தொழிற்சாலை என்பதற்கான விளக்கத்திலேயே சுரங்கச் சட்டத்துக்கு உட்பட்ட சுரங்கம் சேராது என்று இருந்தது. கல் குவாரி அதில்தான் வரும். விபத்து குவாரிக் குழிக்குள் நடந்திருப்பதால் உங்கள் வழி நேராக இழப்பீட்டு ஆணையரிடம்தான்.

பத்திரக் கையெழுத்து: பிரிவு 17-ஐப் பாருங்கள். இழப்பீட்டு உரிமையை விட்டுக்கொடுப்பதாக எழுதி வாங்கிய ஒப்பந்தம் செல்லாது. 20 ரூபாய் பத்திரமானாலும் சரி, நோட்டரி முத்திரை போட்டதானாலும் சரி. ஒப்பந்தம் செய்து தொகையை முடிவு செய்ய ஒரு முறை உண்டு. அதற்கு அந்த ஒப்பந்தத்தை ஆணையரிடம் கொடுத்துப் பதிவு செய்யணும், தொகை குறைவாகத் தெரிந்தால் அவர் பதிவு செய்ய மறுக்கலாம். குவாரி ஆபீசில் எழுதிக்கொண்ட காகிதத்துக்கு அந்த மரியாதை கிடையாது.

ஆஸ்பத்திரிச் செலவு 62,000: கழிக்க முடியாது. வைத்தியத்துக்குக் கொடுத்த பணம் இழப்பீடு ஆகாது என்று பிரிவு 4-இல் விளக்கமாகவே போட்டிருக்கிறார்கள். அதோடு பிரிவு 4(2ஏ) படி உண்மையான வைத்தியச் செலவை முதலாளிதான் ஏற்கணும். நீங்கள் கைக்காசு போட்டு வாங்கிய மருந்து பில் இருந்தால் அதையும் சேர்த்துக் கேளுங்கள். கையில் கொடுத்த 25,000 வேறு. அதை இழப்பீட்டுக் கணக்கில் கொடுத்தது என்று அவர் காட்டினால் கழிபடும். அந்தப் பணமே வாங்கவில்லை என்று மட்டும் மனுவில் எழுதிவிடாதீர்கள். ஒரு பொய் வெளிப்பட்டால் மற்றதையும் சந்தேகிப்பார்கள்.

அட்வான்ஸ் 40,000: பிரிவு 9. இழப்பீட்டுத் தொகையில் எந்தக் கடனையும் ஈடு கட்டிக்கொள்ளக் கூடாது. அவர் வேண்டுமானால் தனியாக வழக்குப் போட்டுக்கொள்ளட்டும்.

கையுறை: கவனக்குறைவு மட்டும் இருந்தால் இழப்பீடு போகாது. போதையில் இருந்ததே விபத்துக்கு நேரடிக் காரணம் என்று நிரூபிக்கணும், அல்லது பாதுகாப்புக்காகத் தெளிவாகக் கொடுத்த உத்தரவை வேண்டுமென்றே மீறினார் என்றோ, பாதுகாப்புச் சாதனத்தை வேண்டுமென்றே கழற்றினார் என்றோ காட்டணும். உத்தரவும் கையுறையும் கொடுத்ததற்கு அவரிடம் பதிவேடு இருக்கிறதா என்று கேளுங்கள். பெரும்பாலும் இருக்காது. சாவுக்கும் முழு நிரந்தர ஊனத்துக்கும் இந்த விதிவிலக்குகள் ஒன்றுமே பொருந்தாது.

தொகை: 700 வீதம் 26 நாள் என்றால் மாதம் 18,200. ஆனால் 2020 ஜனவரி 3 முதல் கணக்குக்கு எடுக்கும் மாதச் சம்பளத்தின் உச்சவரம்பு 15,000. அதில் 60 சதவீதம் 9,000. வயது 34-க்கு அட்டவணைக் காரணி 199.40. பெருக்கினால் 17,94,600. இது முழு ஊனத்துக்கான தொகை, இதில் உங்களுக்கு எத்தனை சதவீதம் என்பதுதான் கேள்வி. ஆள்காட்டி விரல் முழுசுக்கு 14, நடுவிரல் முழுசுக்கு 12, மொத்தம் 26 சதவீதம். 4,66,596 ரூபாய்.

வாய்தா எழுதியது:

மேலே நண்பர் சொன்னதில் எல்லாம் சரி, கடைசி வரியைத் தவிர. முதல் அட்டவணையில் "ஒரே கையில் இரண்டு விரல் இழப்பு" என்று தனி இனமே இருக்கிறது, 20 சதவீதம். மூன்று விரல் என்றால் 30, நாலு என்றால் 50, கட்டைவிரல் மட்டும் போனால் 30. தனித்தனி விரல் கணக்கு ஒரு விரல் மட்டும் போனவர்களுக்கும், விரலில் ஒரு கணு இரண்டு கணு போனவர்களுக்கும். எனவே 17,94,600-இல் 20 சதவீதம், 3,58,920. மனுவில் 26 என்று போட்டால் எதிர்த் தரப்பு வக்கீல் முதல் வாய்தாவிலேயே அதைப் பிடித்துக்கொள்வார்.

அட்டவணையில் உள்ள காயமானாலும் அதற்கு மேல் கேட்க வழி உண்டு. இடது கை போன தச்சர் ஒருவருக்கு, ஒற்றைக் கையால் தச்சு வேலை செய்ய முடியாது என்பதால் முழு ஊனமாகவே கணக்கிட்டதை 1975-இல் உச்ச நீதிமன்றம் ஏற்றது. உங்கள் ஆள் வயர் சா (கல் அறுக்கும் மிஷின்) ஓட்டுகிறவரா, துளை போடுகிறவரா, சும்மா சுமை வேலையா என்பதைப் பொறுத்து வாதம் மாறும். வலது கைப் பிடிப்பு போனதால் மிஷின் பிடிக்க முடியவில்லை என்று டாக்டர் சான்றிதழில் எழுதியிருந்தால்தான் இதைத் தூக்கிப் பேச முடியும். "இரண்டு விரல் நீக்கம்" என்று ஒற்றை வரிச் சான்றிதழோடு போனால் 20-க்கு மேல் ஏறாது.

அரை மாதத்துக்கு 25 சதவீதச் சம்பளம் என்று ஒரு தொகை கேள்விப்பட்டிருப்பீர்கள். அது எலும்பு முறிவு மாதிரி ஆறிப்போகும் காயத்துக்கு. விரல் போன கேசில் மொத்தத் தொகைதான் விஷயம்.

வட்டியைக் கேட்க மறக்காதீர்கள். விபத்து நடந்த அன்றே தொகை கொடுக்க வேண்டியதாகிவிடுகிறது. ஒரு மாதத்துக்குள் கட்டாவிட்டால் வருஷத்துக்கு 12 சதவீதத் தனி வட்டி. 3,58,920-க்கு வருஷம் சுமார் 43,000 ரூபாய். தக்க காரணம் இல்லாமல் இழுத்தடித்தால் அதற்கு மேல் 50 சதவீதம் வரை அபராதமும் போடலாம். மனுவில் வட்டியும் அபராதமும் தனித்தனிப் பத்தியாக இருக்கட்டும்.

இனி நடைமுறை.

எதிர்மனுதாரர் யார் என்பதில்தான் பாதி மனுக்கள் சறுக்குகின்றன. மேஸ்திரியை மட்டும் போட்டால் உத்தரவு வாங்கி வீட்டில் மாட்டிவைக்கலாம், வசூல் ஆகாது. பிரிவு 12 படி தன் தொழிலின் ஒரு பகுதியைக் கான்ட்ராக்ட் விட்டவரும் பொறுப்பு. அவர் கட்டிவிட்டு மேஸ்திரியிடம் வாங்கிக்கொள்ளலாம். ஆகவே மேஸ்திரி, குத்தகைதாரர் இருவரையும் சேருங்கள். குத்தகை யார் பேரில் என்று தெரியாவிட்டால் ஆட்சியர் வளாகத்தில் கனிமவளத் துறையில் தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்டுப் பெறுங்கள். கிராமம், சர்வே எண் இரண்டும் கட்டாயம் எழுதணும், "வேப்பனஹள்ளி குவாரி" என்றால் பதில் வராது. குவாரிக்காரர் தொழிலாளர் இழப்பீட்டு பாலிசி போட்டிருந்தால் இன்சூரன்ஸ் கம்பெனியையும் சேர்க்கணும். பாலிசி இருக்கிறதா என்று அவர் வாயால் சொல்ல மாட்டார். நோட்டீசிலேயே எழுதிக் கேளுங்கள்.

முதலில் ஒரு நோட்டீஸ்: பெயர், முகவரி, விபத்து நடந்த தேதி, இடம், எப்படி நடந்தது. ஸ்பீட் போஸ்ட்டில் ஒப்புகையோடு அனுப்பி, ஒப்புகைச் சீட்டைப் பத்திரப்படுத்துங்கள். நோட்டீஸ் தாமதமானது, குறையாக இருந்தது என்பதற்காக மட்டும் மனு தள்ளுபடி ஆகாது, முதலாளிக்கு விபத்து முன்பே தெரியும் என்றால் போதும். உங்கள் கேசில் அவரே ஆஸ்பத்திரி பில் கட்டியிருக்கிறார். அந்தப் பில்தான் உங்களுக்கு முதல் சாட்சி.

மனு படிவம் எஃப். விபத்து நடந்த இடம், தொழிலாளி குடியிருக்கும் இடம், முதலாளியின் பதிவு அலுவலகம் இருக்கும் இடம், இந்த மூன்றில் எதற்குரிய ஆணையரிடம் வேண்டுமானாலும் போடலாம். ஆணையர் அதிகாரம் தொழிலாளர் துறையில் துணை ஆணையர் நிலையில் இருக்கும். கிருஷ்ணகிரியிலோ தருமபுரியிலோ உள்ள தொழிலாளர் உதவி ஆணையர் அலுவலகத்தில் கேட்டால் உங்கள் ஊருக்கு யார் என்று சொல்லிவிடுவார்கள். ஒடிசா, பீகார் ஆட்கள் ஊர் திரும்பிவிட்டால் அங்கிருந்தே போடலாம் என்பதற்காகத்தான் இந்தக் குடியிருப்பு விதி. வக்கீல் வைக்கக் காசில்லை என்றால் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் இலவசமாகக் கேட்கலாம்.

காலக்கெடு: விபத்திலிருந்து இரண்டு வருஷம். உங்களுக்கு 2027 ஜூன். தாமதத்தை மன்னிக்க ஆணையருக்கு அதிகாரம் உண்டுதான், ஆனால் "முதலாளி தருகிறேன் தருகிறேன் என்றார்" என்ற காரணத்தை நம்பி உட்காராதீர்கள்.

மூன்று மாதத்தில் முடிக்கணும் என்று பிரிவு 25ஏ சொல்கிறது. இழுக்கும்.

மத்தூரான் எழுதியது:

ரொம்ப நன்றிங்க. இரண்டு சிக்கல். ஒன்று, கூலி 700 என்பதற்குக் காகிதம் இல்லை. அவர் 350 என்று சொன்னால்? இரண்டு, ஆஸ்பத்திரியில் சேர்த்தது மேஸ்திரி. ஏஆர் (ஆஸ்பத்திரி விபத்துப் பதிவேடு) காப்பி வாங்கிப் பார்த்தால் "வீட்டில் கல் விழுந்ததில் காயம்" என்று இருக்கிறது.

வாய்தா எழுதியது:

இரண்டுமே வழக்கமான வேலைதான்.

கூலி 350 என்று ஆனால் மாதம் 9,100, தொகை 2,17,745-க்கு இறங்கும். ஒரு லட்சத்து நாற்பதாயிரத்துக்கு மேல் போய்விடும், அதனால்தான் சம்பளத்தில்தான் முதலில் கை வைப்பார்கள். உங்களுக்கு 700-ஐ நிரூபிக்க வேண்டியதில்லை என்பதைக் கவனியுங்கள். 26 நாளுக்கு 577 ரூபாய் காட்டினாலே 15,000 வந்துவிடுகிறது. மேஸ்திரி எப்போதாவது கூகுள் பே-யில் போட்டிருந்தால் அந்த ஸ்டேட்மென்ட், வாரக் கணக்கு எழுதிய சின்ன நோட்டு, கூட வேலை செய்த ஒருவரின் சாட்சியம் போதும். அதே வேலைக்கு அதே குவாரியில் மற்றவர்களுக்கு என்ன கூலி என்பதும் சட்டப்படி எடுத்துக்கொள்ளக்கூடிய அளவுகோல். சம்பளப் பதிவேட்டையும் ஆள் வருகைப் பதிவேட்டையும் கொண்டுவரச் சொல்லித் தனி மனுப் போடுங்கள். சுரங்கத்தில் இவை இல்லாமல் இருக்கக் கூடாது. இல்லை என்று சொன்னால் அது அவருக்கே பாதகம். எதுவுமே நிற்காவிட்டால் அரசு அறிவித்த குறைந்தபட்சக் கூலிக்குக் கீழே போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

வயதுச் சான்றையும் சரிபாருங்கள். ஆதாரில் ஜனவரி 1 என்று தோராயமாகப் போட்டு வயது கூடியிருக்கும். 44 என்று இருந்தால் காரணி 172.52 ஆகிவிடும். பள்ளி மாற்றுச் சான்றிதழ் இருந்தால் அதை வையுங்கள்.

ஏஆர் காப்பி: ஆபத்தானது, ஆனால் உயிர்போகிற விஷயமில்லை. டிஸ்சார்ஜ் சம்மரி, முதல் நாள் நர்ஸ் குறிப்பு, எக்ஸ்ரே கோரிக்கைச் சீட்டு எல்லாவற்றின் நகலும் வாங்குங்கள். ஏஆரில் ஒரு மாதிரியும் உள்ளே கேஸ் ஷீட்டில் வேறு மாதிரியும் எழுதியிருப்பார்கள். "கல் குவாரியில்" என்ற வார்த்தை எங்காவது ஒளிந்திருக்கும். கூட்டி வந்தவர் பெயர் ஏஆரில் இருக்கும். அது மேஸ்திரி பெயர் என்றால், வீட்டில் அடிபட்டவரை மேஸ்திரி ஏன் கூட்டி வந்தார், குவாரிக்காரர் ஏன் 62,000 கட்டினார் என்ற கேள்விக்கு அவர்களிடம் பதில் இருக்காது. அந்த 20 ரூபாய் பத்திரத்தின் நகல் கிடைத்தால் விடாதீர்கள். அதில் "குவாரியில் வேலை செய்யும்போது ஏற்பட்ட காயத்துக்காக" என்று அவரே எழுதி வாங்கியிருக்க வாய்ப்பு அதிகம். உரிமையை விட்டதாக அது செல்லாது, விபத்தை ஒப்புக்கொண்டதாக நன்றாகவே செல்லும்.

காவல் நிலையத்தில் புகார் கொடுத்து சிஎஸ்ஆர் (புகாரைப் பெற்றுக்கொண்டதற்கான) ரசீது வாங்குங்கள். எட்டு மாதம் கழித்தா என்பார்கள், வாங்கிக்கொண்டால் போதும். சுரங்கப் பாதுகாப்பு இயக்குநரகத்துக்கும் ஒரு கடிதம். விரல் நிரந்தரமாகப் போன விபத்தைச் சுரங்கக்காரர் அவர்களுக்குத் தெரிவித்திருக்கணும். தெரிவிக்காதது வெளியே வந்தால் குவாரிக்காரருக்கு லைசென்ஸ் பயம் வரும். சமரசம் பேச அவரே ஆள் அனுப்புவது பெரும்பாலும் அந்தக் கடிதத்துக்குப் பிறகுதான்.

ஜெகதேவி ஷெட் எழுதியது:

இதே திரியில் கேட்கலாமா? கிரானைட் பாலிஷ் ஷெட், 14 பேர் வேலை. கட்டிங் மிஷினில் சில்லு தெறித்து ஒருவருக்கு ஒரு கண்ணில் பார்வை போய்விட்டது, மற்றக் கண் நன்றாக இருக்கிறது. நாள் சம்பளம் 500. இஎஸ்ஐ பதிவே இல்லாமல் இருந்தது, விபத்துக்கு மூணு நாள் கழித்து ஐபி நம்பர் (இஎஸ்ஐ காப்பீட்டு எண்) எடுத்திருக்கிறார்கள். இதுவும் படிவம் எஃப் தானா?

குவாரி கணக்கு எழுதியது:

இல்லை. இழப்பீட்டு ஆணையரிடம் போட்டால் தள்ளுபடி ஆகும், அதற்குள் காலமும் ஓடிவிடும்.

மின்சாரத்தில் ஓடும் ஷெட், 10 பேருக்குக் குறையாமல் வேலை, சம்பளம் 21,000-க்குள். இது இஎஸ்ஐ. முதலாளி பதிவு செய்யவில்லை என்பதால் தொழிலாளி இஎஸ்ஐக்கு வெளியே போய்விட மாட்டார். அவருக்குச் சந்தா கட்ட வேண்டியிருந்தது என்றாலே அவர் காப்பீடு பெற்றவர். கட்டாத சந்தாவையும் பலன் தொகையையும் இஎஸ்ஐ கழகம் முதலாளியிடம் வசூலித்துக்கொள்ளும். வேலையில் பட்ட காயத்துக்குக் குறைந்தபட்ச சந்தா நாள் என்ற நிபந்தனையும் கிடையாது, சேர்ந்த முதல் நாளே அடிபட்டாலும் சரி.

விபத்துக்குப் பின் எடுத்த ஐபி எண்ணில் கழகம் விசாரணை வைக்கும். வேலையில் சேர்ந்த உண்மையான தேதியை நிரூபிக்க வருகை நோட்டு, வங்கிப் பணம், கூட வேலை செய்தவர் வாக்குமூலம் தயாராக இருக்கட்டும். சேர்ந்த தேதியாக விபத்துக்குப் பிந்தைய தேதியைப் போட்டு ஏதாவது படிவத்தில் கையெழுத்துக் கேட்டால் போடவே வேண்டாம். விபத்து அறிக்கையான படிவம் 12-ஐ முதலாளி அனுப்பினாரா என்று ஓசூர் கிளை அலுவலகத்தில் கேளுங்கள். அனுப்பாவிட்டால் தொழிலாளியே எழுத்தில் கொடுக்கலாம்.

பலன்: வேலைக்குப் போக முடியாத நாட்களுக்குச் சராசரி நாள் சம்பளத்தில் 90 சதவீதம், 450 ரூபாய். பிறகு மருத்துவக் குழு முன் ஆஜராகணும். ஒரு கண்ணில் பார்வை மட்டும் போனால் அட்டவணைப்படி 30 சதவீதம், கண்ணையே எடுத்துவிட்டால் 40. பார்வை மட்டும் என்றால் 450-இல் 30 சதவீதம், நாளைக்கு 135 ரூபாய், மாதம் நாலாயிரத்துச் சொச்சம், ஆயுள் முழுக்க. வேறு வேலைக்குப் போய்ச் சம்பாதித்தாலும் நிற்காது. குழுவின் சதவீதம் குறைவாகப் பட்டால் மேல்முறையீடு உண்டு.

ஷெட் என்று சொன்னதால் ஒரு கேள்வி. 14 பேரும் ஒரே பேரில் இருக்கிறார்களா, இல்லை கட்டிங் ஒரு பேர், பாலிஷ் ஒரு பேர் என்று பிரித்து 7, 7 எனக் காட்டுகிறார்களா? நம் பக்கத்தில் இது சாதாரணம். ஒரே வளாகம், ஒரே மின் இணைப்பு என்றால் அதைப் புகாரில் எழுதுங்கள். கழகம் ஒன்றாகவே எடுக்கலாம்.

தளி மேடு எழுதியது:

இரண்டு சேர்ப்பு.

2025 நவம்பர் 21 அன்று சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு 2020 நடைமுறைக்கு வந்து, 1923 சட்டமும் இஎஸ்ஐ சட்டமும் அதற்குள் போய்விட்டன. மத்தூரான் கேஸ் ஜூன் என்பதால் பழைய சட்டமே. இழப்பீட்டு உரிமை விபத்து நாளைப் பார்த்துத்தான், மனுப் போடும் நாளைப் பார்த்தல்ல. எதிர்த் தரப்பு "சட்டமே ரத்தாகிவிட்டது" என்று ஆரம்பிக்கும், தயாராக இருங்கள். அந்தத் தேதிக்குப் பின் குவாரியில் அடிபட்டவர்கள் மேலே சொன்ன சுரங்க விலக்கை நம்பி நேரே ஆணையரிடம் போகக் கூடாது. புதிய தொகுப்பில் 10 பேர் கணக்கு நிறுவனம் எதற்கும் பொருந்தும், சுரங்கமும் நிறுவனம் என்ற விளக்கத்துக்குள் வருகிறது. முதலில் இஎஸ்ஐ உண்டா என்று பாருங்கள்.

அடுத்தது, கல் ஏற்றும் டிப்பரோ ஹிட்டாச்சியோ மோதி அடிபட்டிருந்தால் மோட்டார் வாகன விபத்துத் தீர்ப்பாயம், இழப்பீட்டு ஆணையர் இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கலாம், இரண்டும் கிடையாது. இளவயதும் நல்ல சம்பளமும் இருந்தால் தீர்ப்பாயத்தில் அதிகம் கிடைக்க வாய்ப்பு, 15,000 உச்சவரம்பு அங்கே இல்லை. ஆனால் அங்கே ஓட்டுநரின் கவனக்குறைவை நிரூபிக்கணும். சொந்தத் தவறில் வண்டி கவிழ்ந்த டிரைவருக்கு ஆணையர்தான் வழி.

மத்தூரான் எழுதியது:

வண்டி எதுவும் இல்லைங்க, ஜாக்கிதான். பத்திரத்தின் நகல் மேஸ்திரி செல்போனில் போட்டோவாக இருக்கிறதாம், கேட்டு வாங்கப் பார்க்கிறோம். வாட்ஸ்அப்பில் வந்தால் செல்லுமா?

வாய்தா எழுதியது:

செல்லும். வாங்கியதும் அழிக்காமல், யாருக்கும் மாற்றி அனுப்பாமல் அதே போனில் வைத்திருங்கள். பிரிண்ட் எடுத்துத் தாக்கல் செய்யும்போது மின்னணுச் சாட்சியத்துக்கான சான்றிதழ் ஒன்று கையெழுத்திட்டு இணைக்கணும், வக்கீலுக்குத் தெரியும். அதோடு மூலப் பத்திரத்தைக் கொண்டுவரச் சொல்லிக் குவாரிக்காரருக்கு நோட்டீசிலேயே ஒரு வரி சேர்த்துவிடுங்கள்.